ஒத்து ஊத மறுக்கும் திராணி

நேயர்களுக்கு வணக்கம். ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் இன்றைய கல்விக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன தருகிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். பத்துப் பேரின் பெயரை அடுக்கிவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. ஒரே ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். அவரும் வானொலியில் பேசியவர்தான்.

தியோடர் அடோர்னோ என்ற ஜெர்மன் தத்துவவாதி. 1903இல் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர். தந்தை யூத வம்சாவளியைச் சேர்ந்த மது வணிகர், தாய் பாடகி. ஹிட்லர் வந்ததும் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமை பறிபோனது. இங்கிலாந்து போனார், 1938இல் நியூயார்க் சேர்ந்தார். அங்கே கிடைத்த வேலை, வானொலியைப் பற்றிய ஆய்வு. வானொலிமேல் அவருக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது. பீத்தோவனின் சிம்பொனிகூட அந்தப் பெட்டி வழியாக வரும்போது சிறுத்துப்போகிறது என்று எழுதினார். அப்படிப்பட்ட மனிதர், 1949இல் ஊர் திரும்பிய பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட முறை ஜெர்மன் வானொலிகளில் பேசியிருக்கிறார்!

அவற்றில் ஒன்று 1966 ஏப்ரலில் ஒலிபரப்பான உரை. ‘ஆஷ்விட்ஸுக்குப் பிறகு கல்வி’ என்பது தலைப்பு. ஆஷ்விட்ஸ் என்பது நாஜிகள் லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்ற முகாம். ஆஷ்விட்ஸ் மறுபடி நடக்கக் கூடாது, கல்வியிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான் என்று நேராக ஆரம்பிக்கிறார். ஆஷ்விட்ஸ் முகாமில் பணிபுரிந்தவர்கள் மீதான பிராங்க்பர்ட் வழக்கு முடிந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அதில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் ஒருவன் வில்ஹெல்ம் போகர். கைதிகளைக் கம்பியில் தொங்கவிட்டு அடிப்பதற்கு அவன் வைத்திருந்த கருவிக்கு ‘போகர் ஊஞ்சல்’ என்றே பெயர். அந்த ஆள் விசாரணையின்போது ஆவேசப்பட்டு, கண்டிப்பால் ஒழுக்கம் வளர்க்கும் கல்விமுறையைப் புகழ்ந்து பேசினான். அடோர்னோ இந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். வலியைக் காட்டாதே, பொறுத்துக்கொள் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, பிறருக்கு வலி கொடுக்கும் உரிமையையும் அதோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறது. தான் வெளிக்காட்ட முடியாமல் போன வலிக்கு அடுத்தவனிடம் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது.

நமக்கு இது அந்நியமான பேச்சா? “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க வாத்தியாரே” என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஒரு கூட்டத்தில் சேருவதற்கு விலையாக உடல்வலியைக் கேட்கும் சடங்குகளையும் அடோர்னோ அந்த உரையில் குறிப்பிடுகிறார். நம்மூரில் அதற்கு ராகிங் என்று பெயர். ஓர் உயிர் போன பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் அதற்கு எதிராகச் சட்டம் வந்தது.

சரி, இதற்கு மாற்றாக அவர் என்ன சொல்கிறார்? நின்று யோசிக்கிற பலம், தன் முடிவைத் தானே எடுக்கிற பலம், கூட்டத்தோடு சேர்ந்து ஒத்து ஊத மறுக்கிற பலம். ஆஷ்விட்ஸுக்கு எதிராக உண்மையிலேயே நிற்கக்கூடியது இது ஒன்றுதான் என்கிறார். எனக்கு இதில் பிடித்தது, அன்பு காட்டுங்கள் என்று அவர் உபதேசம் செய்யாததுதான். அன்பைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது என்று அதே உரையில் சொல்லிவிடுகிறார். ஒரு குறையும் உண்டு. கிராமப்புறத்தின் காட்டுமிராண்டித்தனத்தைப் போக்குவது கல்வியின் முக்கிய வேலை என்று ஓரிடத்தில் பேசுகிறார். நகரத்து மேட்டிமை என்றுதான் அதைச் சொல்வேன். முகாமுக்கு ரயில் விட்டவர்கள் படித்த அதிகாரிகள் அல்லவா?

கல்வியாளர் ஹெல்முட் பெக்கருடன் அவர் வானொலியில் பல உரையாடல்கள் நடத்தினார். கடைசி உரையாடல் 1969 ஆகஸ்ட் 13இல் ஒலிபரப்பானபோது அடோர்னோ உயிரோடு இல்லை. ஒரு வாரம் முன்பு இறந்துவிட்டார். அந்த உரையாடலில், பிறர் வழிகாட்டாமல் தன் அறிவைப் பயன்படுத்தும் துணிவு வேண்டும் என்று 1784இல் தத்துவவாதி கான்ட் எழுதியதிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார். அப்புறம் மிகச் சாதாரணமான ஒரு யோசனைக்கு வருகிறார். ஆசிரியர் பெரிய வகுப்பு மாணவர்களை வணிக சினிமாவுக்கு அழைத்துப் போகட்டும். இதில் எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று சேர்ந்து பார்க்கட்டும். பத்திரிகை, சினிமாப் பாட்டு, ஞாயிறு காலை வானொலியில் உலகமே சுபிட்சமாக இருப்பதுபோல் வரும் உற்சாக இசை, எல்லாவற்றையும் அப்படியே பிரித்துப் பார்க்கட்டும். வானொலியில் உட்கார்ந்துகொண்டே வானொலியையும் நம்பாதே என்கிறார். இந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கும்.

அதே ஆண்டு ஜனவரியில், தன் ஆய்வு நிறுவனத்துக்குள் மாணவர்கள் புகுந்தபோது போலீசைக் கூப்பிட்டவரும் இவர்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடங்க மறுக்கச் சொல்லிக்கொடுப்பது எளிது, சொல்லிக்கொடுத்தவரிடமே பிள்ளைகள் அதைக் காட்டும்போதுதான் சிக்கல்.

இன்று சினிமா தியேட்டர் வரை போகக்கூட வேண்டாம். நுழைவுத்தேர்வு முடிவு வந்த மறுநாள் செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாணவரின் புகைப்படம் இரண்டு மூன்று பயிற்சி மையங்களின் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். அவர் எந்த மையத்தில், எந்த வகுப்பில், எத்தனை நாள் படித்தார்? முழுநேர வகுப்பா, மாதிரித் தேர்வு மட்டும் எழுதினாரா? இப்படிப்பட்ட விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 2024இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறைகளே கொண்டுவந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான்கு விளம்பரங்களைக் கொடுத்து, சொல்லாமல் விட்டது என்னவென்று எழுதச் சொன்னால் ஒரு பாடவேளை போதும். அதற்குப் பிறகு யாராவது ஒரு மாணவி, “சார், நம்ம ஸ்கூல் கேட்ல இருக்கிற பேனரையும் பார்க்கலாமா?” என்று கேட்பாள். பார்க்கலாம் என்று சொல்ல அந்த ஆசிரியரைத் தலைமையாசிரியர் விட வேண்டும், தலைமையாசிரியரை நிர்வாகம் விட வேண்டும். நன்றி, வணக்கம்.