வேலையை விளையாட்டாக்கினால் மிஞ்சுவது சுவையே!

நடுவர் அவர்களே, வணக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "பகலெல்லாம் ஆபீசில் முத்திரை குத்துகிறவன் ராத்திரி காசு கொடுத்து முத்திரை குத்துவானா?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். குத்துவான் ஐயா. நானே குத்தினேன், ராத்திரி இரண்டு மணி வரைக்கும்.

அது ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம், பெயர் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. பெரிய கேம் கம்பெனியில் இருந்து வெளியே வந்த லூகாஸ் போப், ஏறக்குறையத் தனி ஆளாகச் செய்து 2013 ஆகஸ்டில் வெளியிட்டது. கதை நடப்பது 1982இல், அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டில். அரசாங்கத்தின் வேலைக் குலுக்கலில் உங்கள் பெயர் விழுகிறது. எல்லைச் சாவடியில் உட்கார வேண்டும். பச்சை முத்திரை என்றால் ஆள் உள்ளே, சிவப்பு என்றால் வந்த வழியே. கேட்டதும் எனக்கும் கொட்டாவிதான் வந்தது.

ஆனால் காலையில் வந்தால் புது விதி. நேற்று பாஸ்போர்ட் போதும். இன்று பர்மிட், நாளை வேலைச் சீட்டு. படம் பொருந்துகிறதா, தேதி தாண்டிவிட்டதா, ஊர் பெயர் சரியா? ஒரு ஆளைச் சரியாகப் பார்த்தால் 5 கிரெடிட், அதுதான் அந்த நாட்டுக் காசு. சாயங்காலம் வாடகை, சாப்பாடு, குளிருக்கு ஹீட்டர். வீட்டில் மனைவி, மகன், மாமா... மாமியாரும் உண்டு. சிரிக்காதீர்கள், காசு பத்தாத அன்றைக்கு யாருக்கு மருந்து என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரிக்க ஜோர்ஜி இருக்கிறார். கையால் வரைந்த பாஸ்போர்ட்டை நீட்டி, 'கோப்ராஸ்தான்' என்ற இல்லாத நாட்டின் குடிமகன் என்பார். விரட்டினாலும் கோபமே கிடையாது. சில நாளில் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார். நம் தாலுகா ஆபீஸ் வாசலில் இப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்!

ஐந்தாம் நாள் ஒருவர் வருகிறார். காகிதமெல்லாம் சுத்தம். போகும்போது, பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் தயவு காட்டுங்கள் என்கிறார். அந்த அம்மாவிடம் பர்மிட் இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். விட்டால், மேசையில் மெஷின் கடகடவென்று ஒரு இளஞ்சிவப்புச் சீட்டைத் துப்பும். ஒரு நாளைக்கு முதல் இரண்டு சீட்டு வெறும் எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து அபராதம்.

இங்கேதான் ஐயா அந்த ஆட்டம் என்னைப் பிடித்தது. அவள் முகத்தைப் பார்க்கும் முன், இன்றைக்கு எத்தனை சீட்டு வாங்கியிருக்கிறேன் என்று எண்ணினேன். சலிப்பான வேலை என்றாரே எதிரணி நண்பர்? அந்தச் சலிப்பில்தானே கை பழகி மனசு மரத்தது! ராட்சசனைச் சுடுகிற எந்த ஆட்டமும் என்னை இப்படிக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. 2014இல் சுயாதீன கேம்களுக்கான விழாவில் பெரிய பரிசு, பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் உத்தி, சிமுலேஷன் பிரிவு விருது, இரண்டும் இந்த முத்திரைக் கட்டைக்குத்தான் போயின.

அந்த அம்மாவை விட்டாயா என்று நடுவர் கேட்பீர்கள். விட்டேன். அன்றைக்கு ஒரு எச்சரிக்கை பாக்கி இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால்... மணி அடிக்கிறீர்கள், உட்காருகிறேன்.