வீடியோ கால் இருக்கும்போது ஏன் குரல் பதிவு?

[காட்சி: அடுக்குக் கட்டில்கள் நிறைந்த அறை. மேல் கட்டிலில் ஒருவர், காதில் இயர்போன்.]

துபாயில் இரவு 9:30. கீழக்கரையில் மணி 11. மனைவி பேசுகிறார், கணவர் டைப் அடிக்கிறார். சண்டையெல்லாம் இல்லை. அறையில் இன்னும் ஏழு பேர் படுத்திருக்கிறார்கள், விடியுமுன் வேலைக்குப் பஸ் வந்துவிடும். “சாப்டியா?” என்று வாய்விட்டுக் கேட்கலாம். அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசினால் ஏழு பேருக்கும் கேட்கும்.

வீடியோ கால் வந்தபிறகு தூரமே தெரியவில்லை என்கிறார்கள். எனக்குப் பாதிதான் சம்மதம். லீவு நாளில் கால் வந்தால் போன் முதலில் மாமியார் கைக்குப் போகும். அப்புறம் நாத்தனார். அப்புறம் சின்னவன் பிடுங்கிக்கொண்டு ஓட, துபாயில் இருப்பவருக்கு வீட்டுக் கூரை மட்டும் தெரியும். மனைவி கைக்கு வரும்போது சார்ஜ் 4 சதவீதம்.

அமீரகத்தில் இன்னொரு சிக்கல். அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் பதிவும் போகும். கால் மட்டும் போகாது. இணையவழி அழைப்புக்கு அரசு அனுமதி வேண்டும். அதனால்தான் அமீரகத்தில் ஆள் இருக்கும் வீடுகளில், அங்கே அனுமதி பெற்ற அழைப்புச் செயலியான போட்டிம் தனியாக இருக்கும்.

[காட்சி: பழைய டேப் ரெக்கார்டர், பக்கத்தில் கேசட்.]

குரலை அனுப்புவது புதிதில்லை. சபராளி, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், வீடுகளில் 80களிலேயே கேசட்டில் பேசிப் பதிந்து, பயணம் போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். பதில் வர மாதம் ஆகும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு 2013இல் வந்தது. கேட்பவருக்குத் தோதான நேரத்தில் கேட்கலாம், ஒரே பதிவை நாலு தடவையும் கேட்கலாம். “மச்சான், மோட்டார் மறுபடியும் ஓடல, அந்த எலக்ட்ரீஷியன் போனே எடுக்க மாட்டேங்குறான்” என்று ஆரம்பிக்கும் மூன்று நிமிடப் பேச்சில், மோட்டாருக்கு ஒரு நிமிடம்தான். மீதி அவருக்கு. (இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி 2021இல் வந்தது. மனைவி பேச்சை அப்படிக் கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.)

[காட்சி: மைக் குறி நீலமாக மாறுகிறது.]

சந்தேகம் கிளம்புவதும் இதே திரையில்தான். படித்ததைக் காட்டும் நீல டிக்கை அணைத்து வைக்கலாம். ஆனால் குரல் பதிவைக் கேட்டுவிட்டால் மைக் நீலமாகிவிடும், அதை அணைக்க வழியில்லை. “கேட்டுட்டு ஏன் பதில் இல்ல?” என்று சண்டை தொடங்குவது இங்கேதான். இன்னொன்று ‘ஆன்லைன்’. செயலி திறந்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், யாருடனோ பேசுகிறார் என்று இல்லை. நள்ளிரவில் வாட்ஸ்அப்பிலேயே பழைய படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஆன்லைன்தான்.

கடைசியாக ஸ்டேட்டஸ். அதை ஒரே ஒருவருக்கு மட்டும் தெரியும்படி போடலாம். இன்றைய மீன் குழம்பு, புதுப் புடவை, எதுவானாலும். போடுமுன் யாரெல்லாம் பார்க்கலாம் என்ற இடத்தைச் சரிபார்த்துவிடுங்கள். மறந்தால் முதலில் பார்ப்பது நாத்தனார்தான்.