ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கும்

வணக்கம். ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு கம்பஸுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளுக்குப் பாடத்தெரிவு பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லாப் பாடத்தைப் பற்றியும் சொல்ல எனக்குத் தெரியாது. நான் வரலாறு படித்த காலத்தில் இஸ்லாமும் முஸ்லிம் பண்பாடுகளும் என்று ஒரு துணைப்பாடம் எடுத்தேன், அதை மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் சொன்ன அன்று பெரியம்மா கேட்டா, "ஏன் பிள்ளை, மதம் மாறப் போறியோ?" பிறகு, "அதுக்கு வேலை கிடைக்குமோ?" முதல் கேள்விக்குப் பதில் சுலபம். மதரசாவில் ஓதுவது வேறு, இது வேறு. இங்கே குர்ஆனும், நபியின் சொல் செயல்களைச் சொல்லும் ஹதீஸும் எப்படித் தொகுக்கப்பட்டன, சட்டம் எப்படி வளர்ந்தது, ஒரே மார்க்கம் இந்தோனேசியாவில் ஒரு மாதிரியும் மொரோக்கோவில் இன்னொரு மாதிரியும் ஏன் இருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டாவது கேள்விக்கு, துணைப்பாடத்தைப் பார்த்து எவரும் வேலை தருவதில்லை, அது எந்தப் பாடமானாலும் சரி.

என்னைப் பிடித்து இருத்தியது இபுனு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட அந்த மொரோக்கோப் பயணி, காற்று திசைமாற்ற, இலங்கைக் கரையில் வந்து ஒதுங்குகிறார். அங்கே அவரை வரவேற்பவர் நம்முடைய யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி. இடம் புத்தளம் என்றுதான் பெரும்பாலும் கொள்கிறார்கள். அரசருக்குப் பாரசீகம் விளங்கியது என்று பதூதா எழுதியிருக்கிறார். அரசர் முத்துக்களைக் காட்டிப் பேசுகிறார், கொஞ்சத்தைக் கொடுக்கவும் செய்கிறார். விருந்தாளிக்குப் பாவாத மலை, அதாவது சிவனொளிபாத மலை, பார்க்க ஆசை என்றதும் பல்லக்கு, யோகிகள், பிராமணர்கள், சாமான் தூக்க ஆட்கள் என்று சேர்த்து அனுப்பிவைக்கிறார். யாழ்ப்பாண இராச்சியத்தைப் பள்ளிக்கூடத்தில் நல்லூரோடும் போர்த்துக்கேயரோடும் மட்டும் படித்த எனக்கு, அந்த அரசர் கடல் வியாபாரிகளின் பாஷை தெரிந்த மனுசன் என்பது பெரிய திடுக்கிடலாகவே இருந்தது.

அதே புத்தளத்துக்குத்தான் 1990 ஒக்டோபருக்குப் பிறகு யாழ்ப்பாணத்துச் சோனகத்தெரு முஸ்லிம் சனம் போனது. விடுதலைப் புலிகள் ஊரை விட்டுப் போக இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள், வடக்கு முழுவதிலுமாகச் சுமார் 75,000 பேர். இதையும் இந்தப் பாடத்துக்குள்தான் நான் முதல்தடவை ஒழுங்காகப் படித்தேன், நம் ஊரில் நடந்ததை. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஆட்கள் தேத்தண்ணி போடப் போய்விடுவார்கள்.

இன்னொன்று மொழி. வாரிசு, பாக்கி, வசூல், கைதி, நாம் கச்சேரிக்கு, அதுதான் அரச அலுவலகத்துக்கு, கொடுக்கிற மகஜர், எல்லாம் அரபியில் இருந்து வந்தவை. ஆனால் பாருங்கள், தமிழ் முஸ்லிம்கள் தங்கள் மார்க்கத்தின் நடுவிலேயே தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று தமிழை வைத்திருக்கிறார்கள். நபியின் வாழ்க்கையைப் பாடும் உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5,027 பாட்டு, அதில் அரபு நாட்டிலும் ஆறு ஓடும், வயல் விளையும், நம் காவியங்களின் நாட்டுப்படலம் போலவே. பாலைவனத்தில் நெல்லா என்று வகுப்பில் ஒருத்தன் சிரித்தான். கம்பன் அயோத்தியைப் பார்த்துவிட்டா பாடினான் என்று விரிவுரையாளர் கேட்டார், அவன் பிறகு வாய் திறக்கவில்லை.

வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ். இந்துக் கல்லூரியில் படித்த ஏ.எம்.ஏ. அசீஸ்தான் இலங்கைச் சிவில் சேவைக்குப் போன முதல் முஸ்லிம். இது எங்கள் இந்துக் கல்லூரிப் பெடியன்களில் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள் பார்ப்போம்.

குறையும் உண்டு. பாடத்திட்டத்தில் பழைய கலீபாக்களின் வரிசைக்கு ஒதுக்கின நேரம் அதிகம், பெண்களைப் பற்றி ஒரு கிழமைதான். ஆண்டுகளைப் பாடமாக்கி எழுதியே பாதி மார்க்ஸ் வாங்கலாம், அது எனக்குப் பிடிக்கவேயில்லை.

எடுக்கிறதென்றால் கூடவே கொஞ்சம் அரபி எழுத்தும் பழகுங்கள். அரபியில் 'ப' இல்லை, 'ழ' இல்லை, 'ண' இல்லை, அதனால் 'யாழ்ப்பாணம்' என்று எழுதப்போனால் பாதிச் சொல் காணாமல் போய்விடும். நம் முஸ்லிம்கள் என்ன செய்தார்கள் என்றால், இருக்கிற எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளி வைத்து அந்த ஓசைகளை உண்டாக்கி, அரபுத்தமிழ் என்று புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்த எழுத்தில் 'யாழ்ப்பாணம்' இன்னும் இருக்கிறது, மூன்று தடவை வெட்டி நாலாவது தடவை சரியாக வந்தது.