அபராதத்தைக் கட்டியது யார்?

நேயர்களுக்கு வணக்கம். 1959ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத் தலைநகரான ஹார்ட்ஃபோர்டில் நடந்த சூதாட்டச் சோதனையில் மல்லாய் என்பவர் பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு ஓராண்டுச் சிறையும் 500 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 90 நாள்களுக்குப் பின் எஞ்சிய தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. ஏறத்தாழ 16 மாதங்கள் கழித்து, சூதாட்டத்தை விசாரிக்க மாநில நீதிமன்றம் அமர்த்தியிருந்த அதிகாரி அவரை அழைத்துக் கேட்டார்: பிடிபட்ட அன்று யாரிடம் வேலை பார்த்தீர்கள்? வக்கீலுக்குப் பணம் கொடுத்தது யார்? அபராதத்தைக் கட்டியது யார்? பதில் தம்மையே குற்றத்தில் சிக்கவைக்கலாம் என்று மல்லாய் மறுத்தார். பதிலளிக்க இசையும்வரை சிறையில் இருக்கட்டும் என்று உத்தரவாயிற்று.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்னும் ஐந்தாம் திருத்தம் 1791 முதலே அந்நாட்டு அரசியலமைப்பில் இருக்கிறது. ஆனால் அத்தகைய உரிமைகள் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1833இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் பதினான்காம் திருத்தம் 1868இல் வந்த பிறகும், 1908, 1947 தீர்ப்புகளில் இவ்வுரிமையை மாநில நீதிமன்றங்களுக்கு விரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. மாநிலங்கள் பலவற்றின் சொந்த அரசியலமைப்பிலும் இவ்வுரிமை உண்டு என்பது மெய்தான். ஆனால் அதன் எல்லையை அந்தந்த மாநில நீதிமன்றமே வகுத்தது. குற்றவழக்குகளில் மிகப் பெரும்பாலானவை மாநில நீதிமன்றங்களிலேயே நடக்கும் நாட்டில், இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

மல்லாயின் வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 1964 ஜூன் 15 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பு, இவ்வுரிமையைப் பொறுத்தவரை மத்திய, மாநில நீதிமன்றங்கள் இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தான் என்றது. தண்டனை பெற்றுவிட்டவருக்கு இனி என்ன அச்சம் என்பதே கனெக்டிகட்டின் வாதம். சூதாட்டத்தை நடத்தியவர் பெயர் வெளிவந்தால், அதைப் பற்றிக்கொண்டு மல்லாயைப் பிந்தைய குற்றமொன்றோடு பிணைக்க முடியும் என்பதை நீதிமன்றம் கண்டது. 1908இல் தனியொருவராக மாறுபட்டு, இவ்வுரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றவர் நீதிபதி ஹார்லன். 1964இல் அதை எதிர்த்தவர்களுள் ஒருவர் அதே பெயர் கொண்ட அவருடைய பேரன்.

வாய் திறக்காதவரை அந்த மௌனத்துக்காகவே குற்றவாளியாகக் காட்டலாமா என்ற கேள்வி எஞ்சியிருந்தது. கலிஃபோர்னியாவில் நடந்த கொலை வழக்கொன்றில், இறந்த பெண்ணால் தன் தரப்பைச் சொல்ல முடியாது, குற்றஞ்சாட்டப்பட்டவரோ சொல்ல மறுக்கிறார் என்று அரசு வழக்கறிஞர் ஜூரியிடம் வாதிட்டிருந்தார். அப்படிச் சுட்டிக்காட்டுவது, உரிமையைப் பயன்படுத்தியதற்கே தண்டனை விதிப்பதாகும் என்று 1965இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது.