10 நாள், 4 நாடு: உள்ளூர் ஜனங்களோட பழக முடியுமா?

வணக்கம். இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வி மனசுலயே ஓடிக்கிட்டு இருக்கு. "10 நாள் லீவு இருக்கு. 4 நாடு போறேன். சும்மா சுத்திப் பார்க்காம, அந்தந்த ஊர் ஜனங்களோட பழகணும். நடுவுல 2 நாள் ஒரு அனாதை இல்லத்துல சேவை செய்ய ஆசை. எப்படி ஏற்பாடு பண்றது?"

ஆசை ரொம்ப நல்ல ஆசை. ஆனா திட்டமே அதுக்குக் குறுக்க நிக்குது. கணக்குப் போட்டுப் பாருங்க. 4 நாடுன்னா போக வர எல்லாம் சேர்த்து 5 பயணம். நாடு மாறுற அன்னைக்கு அறையைக் காலி பண்ணி, விமானம் பிடிச்சு, இமிக்ரேஷன் வரிசையில நின்னு, புது இடத்துல பையை இறக்கி வைக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். 5 நாள் இப்படியே போச்சு. மிச்சம் 5 நாள், 4 நாட்டுக்கு. பார்த்த முகத்தை மறுபடி பார்க்கவே வழியில்லை.

தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு என் பதில் தெரியும்: ஒரே ஊர், ரெண்டு செவ்வாய்க்கிழமை. புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன். பாட்டுப் பயிற்சி, செஸ் குழு, நடைக் குழு, நூலகத்துல மொழி பழகுற கூட்டம், இதெல்லாம் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு தடவைதான் கூடும். செவ்வாய் சாயங்காலம் கூடுற குழுன்னு வைங்க. திங்கள் போய் இறங்கி, அடுத்த வாரம் புதன் கிளம்பினா சரியா 10 நாள், 9 ராத்திரி. ரெண்டு செவ்வாய் கிடைச்சிடுச்சு. முதல் செவ்வாய் நீங்க விருந்தாளி. ரெண்டாவது செவ்வாய், "வந்துட்டீங்களா"ன்னு கேட்பாங்க. வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடுறது அதுக்கப்புறம்தான்.

குழுவை அங்க போய்த் தேடாதீங்க, நாள் ஓடிடும். 3 வாரம் முன்னாடியே எழுதுங்க. 5 வரி போதும்: யார், எந்தத் தேதி, எவ்வளவு தெரியும், புது ஆள் வரலாமா, கட்டணம் உண்டா. கையும் காலும் வேலை செய்யற குழுவா எடுங்க. பாஷை தெரியாம வெறும் பேச்சுன்னா 20 நிமிஷத்துல ரெண்டு பக்கமும் களைச்சுப் போகும். செஸ் பலகைக்கு முன்னாடி 2 மணி நேரம் தாராளமா உட்காரலாம்.

பாஷைன்னதும் எல்லாரும் வணக்கம், நன்றியோட நிறுத்திடறாங்க. "இதை உங்க பாஷையில எப்படிச் சொல்வீங்க?" இந்த ஒரு வாக்கியத்தை முதல்ல மனப்பாடம் பண்ணுங்க. அவங்க சொல்றதை நோட்டுல தமிழ் எழுத்துல எழுதி, அவங்க எதிர்லயே படிச்சுக் காட்டுங்க. கட்டாயம் திருத்துவாங்க. அங்கதான் பழக்கம் ஆரம்பிக்குது. கூடவே 100 வரைக்கும் எண்கள். போன்ல மொழிபெயர்க்கிறீங்கன்னா சின்னச் சின்ன வாக்கியமாப் போடுங்க. வந்ததைத் திரும்ப உங்க பாஷைக்கு மாத்திப் பாருங்க. அர்த்தம் மாறியிருந்தா வேற மாதிரி எழுதுங்க.

உள்ளூர்க்காரங்க வீட்லயே தங்கணும்னா செர்வாஸ்ங்கிற அமைப்பு இருக்கு. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட, 1949-ல டென்மார்க்ல ஆரம்பிச்சது. ஜனங்க ஒருத்தர் வீட்ல ஒருத்தர் தங்கினா பகை குறையும்னு நம்பித் தொடங்கினாங்க. வழக்கமா 2 ராத்திரி, காசு கிடையாது. ஆனா சேர்றதுக்கு முன்னாடி நேர்காணல் உண்டு. வீட்டுக்காரங்களோட உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கணும். ராத்திரி படுக்க மட்டும் வர்றவங்களுக்கு அது சரிப்படாது. பண்ணையில வேலை செஞ்சு தங்கறதுக்கு வூஃப் (WWOOF)னு ஒரு அமைப்பு, 1971-ல இங்கிலாந்துல தொடங்கினது. இதுல ஒரு எச்சரிக்கை. சம்பளமே இல்லாட்டியும், சாப்பாட்டுக்கும் தங்கறதுக்கும் உழைச்சா அதையும் வேலைன்னு எடுத்துக்கற நாடுகள் நிறைய. சுற்றுலா விசாவுல போய் விமான நிலையத்துலயே திருப்பி அனுப்பப்பட்டவங்க உண்டு. தூதரகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில வெச்சுக்கங்க.

இப்போ அந்த அனாதை இல்லம். தயவு செஞ்சு வேண்டாம். கம்போடியாவுல இப்படிப்பட்ட இல்லங்கள்ல இருந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருந்தாங்க. வெளிநாட்டுக்காரங்க வந்து காசு கொடுக்கிறதாலயே, வீட்ல இருந்து குழந்தைகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து இல்லத்தை நிரப்புற தொழில் வளர்ந்துச்சு. 2018-ல ஆஸ்திரேலியா இதை நவீன அடிமைத்தனத்துலயே சேர்த்துது. நல்லா நடக்கிற இல்லமாவே இருக்கட்டும். 2 நாள் தூக்கிக் கொஞ்சிட்டுக் கிளம்பிடுவீங்க, அடுத்த வாரம் இன்னொருத்தர் வருவார். ஒட்டி ஒட்டிப் பிரியறதுல அந்தக் குழந்தை என்ன பாடுபடும்? ரெண்டே நாளைக்கு வர்றவங்களையும் உள்ள விடுறாங்கன்னா, யாரையும் விசாரிக்காம விடுறாங்கன்னுதான் அர்த்தம்.

"எங்க சேவை செய்யலாம்"னு கேட்டீங்க. "யார்கிட்ட எதைக் கத்துக்கலாம்"னு கேட்டிருந்தா நான் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பேன். நெசவு, தச்சு, மண்பாண்டம், எதுவா இருந்தாலும் சரி. கத்துக்கப் போனா அவங்க ஆசிரியர், நீங்க மாணவர். அவங்க சொல்ற கட்டணத்தைப் பேரம் பேசாமக் கொடுங்க. மூணு பேர்கிட்ட ஒவ்வொரு வகுப்பு வேண்டாம். ஒரே ஆள்கிட்ட மூணு வகுப்பு, நடுவுல 2 நாள் இடைவெளி. முதல் வகுப்புல சொல்லிக் கொடுத்ததை அறையில செஞ்சு பார்த்து, கோணலா வந்தாலும் அதையே ரெண்டாவது வகுப்புக்குக் கொண்டுபோங்க. எங்க தப்பு வந்ததுன்னு பக்கத்துல உட்கார்ந்து காட்டுவாங்க.