குட்டிப் பூனையின் வயிறு உப்பியிருக்கிறதா?

வணக்கம். பூனைக்குட்டி வளர்க்கிறவர்கள் என்னிடம் ஓயாமல் கேட்கிற கேள்விகள் சில உண்டு. உடம்பு ஒல்லியாக இருக்கிறது, வயிறு மட்டும் உருண்டையாக இருக்கிறதே? கூடப் பிறந்ததெல்லாம் வளர்ந்துவிட்டது, இது மட்டும் ஏன் இத்தனூண்டு? இப்படிக் கேட்பவர்களை யாராவது சிரித்துத் தள்ளினால் எனக்குக் கோபம் வரும். பூனை தன் வலியைச் சுலபத்தில் வெளியே காட்டாது. தினமும் அதைத் தூக்கித் தடவுகிறவருக்குத்தான் மாற்றம் முதலில் தெரியும்.

கவலை வேண்டாத சிலவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதம் தாண்டிய குட்டி கொஞ்ச காலம் காலும் காதும் மட்டும் நீண்டு, பின்பக்கம் சற்றுத் தூக்கலாக, ஒல்லியாகத்தான் இருக்கும். அடிவயிற்றில் பின்னங்கால்களுக்கு முன்னால் ஒரு தோல் மடிப்பு தொங்கி, ஓடும்போது ஆடினால் அதுவும் இயல்புதான். சாப்பிட்டவுடன் உப்பிய வயிறு சில மணி நேரத்தில் வடிந்துவிட்டால் சரி.

வடியாத வயிறுதான் விஷயம். முதுகைத் தடவினால் எலும்பு தட்டுப்படுகிறது, முடியில் பளபளப்பு இல்லை, வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வயிற்றுப்புழு. இது தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும் என்பதால், வெளியே விடாமலே வளர்த்த குட்டிக்கும் இருக்கலாம், மலத்தில் புழு கண்ணில் படவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. ஒரு தடவை மருந்து கொடுத்தாயிற்று என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அந்த மருந்து பெரும்பாலும் குடலில் இருக்கிற புழுவைத்தான் கொல்லும், உடம்பில் வேறு இடங்களில் வளர்கிற இளம்புழு அப்புறம்தான் குடலுக்கு வந்து சேரும். அதனால்தான் மூன்று வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் கொடுக்கச் சொல்கிறோம். அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். இந்தப் புழுவின் முட்டை மனிதரையும் தொற்றும், மணல் தட்டைச் சுத்தம் செய்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பெண் குட்டியாக இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். நான்கு மாதத்திலேயே சினையாகிற பூனைகள் உண்டு.

புழு மருந்து முறையாகக் கொடுத்தும் வயிறு நாளுக்கு நாள் பெருக்கிறது, குட்டி சோர்ந்து கிடக்கிறது, ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். பூனைகளின் கொரோனா வைரஸ் சில குட்டிகளின் உடலுக்குள்ளேயே உருமாறி, வயிற்றில் நீர் கோர்க்க வைக்கும் ஒரு நோயாகிவிடும். எஃப்ஐபி என்பார்கள், இரண்டு வயதுக்குள்தான் அதிகம் வரும். நம்மைத் தாக்கிய கோவிட் வைரஸ் வேறு, இது வேறு. முன்பெல்லாம் இது வந்தால் ஏறக்குறைய மரணம்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்தன. அந்தக் காலத்துக் கதையை வைத்து “இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று யாராவது சொன்னால் அதோடு நின்றுவிடாதீர்கள், இன்னொரு மருத்துவரையும் பாருங்கள்.

அடுத்தது எலும்பு. இதில் எனக்கு ஆதங்கம் அதிகம், ஏனென்றால் பாசத்தால் வருகிற கோளாறு இது. பூனை கறி தின்கிற பிராணிதானே என்று எலும்பில்லாத கறியை மட்டும் மாதக்கணக்கில் போடுவார்கள். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியமோ மிகக் குறைவு. இரத்தத்தில் கால்சியம் குறையாமல் இருக்க, உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். கால் வளையும், முதுகு தொய்யும், குதிப்பதற்கே குட்டி பயப்படும், சாதாரணமாகக் கீழே குதித்தாலே எலும்பு முறியலாம். ஆரம்பத்திலேயே குட்டிகளுக்கான முழுமையான உணவுக்கு மாற்றினால் பெரும்பாலும் தேறிவிடும், எலும்பு இறுகும்வரை ஏறிக் குதிக்க விடக்கூடாது. கால்சியம் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், கூடிப்போனாலும் கெடுதல்தான்.

வளராமலே நிற்கிற குட்டிக்குக் காரணம் தைராய்டு குறைபாடாக இருக்கலாம், இரத்தத்தைக் கல்லீரலுக்குள் விடாமல் சுற்றிக்கொண்டு போகிற கோளாறான இரத்தக் குழாயாகவும் இருக்கலாம். இந்த இரத்தக் குழாய்க் கோளாறு உள்ள சில குட்டிகள் எச்சில் ஒழுக, மந்தமாக இருக்கும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் ஊகிப்பதில் பயனில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி எடை பார்ப்பது. சமையலறைத் தராசு போதும், வாரம் ஒரு நாள், அதே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். ஆறு மாதம் வரை மாதத்துக்குச் சுமார் 400, 500 கிராம் ஏறும். வயிறு பெருத்தும் எடை நின்றுபோனாலோ இறங்கினாலோ காத்திருக்க வேண்டாம். தூங்கும்போது மூச்சையும் எண்ணுங்கள், நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டிக்கொண்டே இருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சலாக இருக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்து, பிறவியிலேயே கால் குட்டை அல்லது வளைவு, வலி எதுவும் இல்லை, வேறு நோயும் இல்லை என்று தெரிந்துவிட்டால், அந்தக் குட்டி அப்படியே நன்றாக வாழும். விளிம்பு தாழ்ந்த மணல் தட்டு வையுங்கள், அது ஏற ஆசைப்படுகிற இடத்துக்கு ஒரு படி போட்டுக்கொடுங்கள், எடை கூடிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கருத்தடை அறுவை சிகிச்சையை எப்போது செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். நன்றி.