தாலுகா மருத்துவமனையின் கூரையும் குழாயும்

நேயர்களுக்கு வணக்கம்.

பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் பாதிக்கு மேல் அரசு மருத்துவமனைகளின் மொட்டைமாடிகளிலும் தண்ணீர்த் தொட்டிகளின் ஓரத்திலுமே கழிந்தன. வயதாகிப்போன ஒரு கிராமப்புற மருத்துவமனையை மக்களின் வரிப்பணத்தில் புதுப்பிக்கும்போது அந்தப் பணம் முதலில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றி, ஒரு கட்டடப் பொறியாளனாக நான் கண்டதை வைத்துப் பேசுகிறேன்.

விடியற்காலையில் சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் எக்ஸ்ரே உறையுமாக, இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து வந்த களைப்போடு குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து இறங்குவார்கள். மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுவதாக எழுதிய ஒரு சீட்டு அவர்களிடம் இருக்கும். சிக்கலான இதய நோய்க்கும் மூளைக் கட்டிக்கும் அந்தச் சீட்டு நியாயமானதுதான். ஆனால் குடலிறக்கத்துக்கும் சாதாரண எலும்பு முறிவுக்கும்கூட அப்படி வருகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் ஊரில் அறுவைசிகிச்சை நிபுணர் இருந்தார்; அறுவை அரங்கின் கூரை ஒழுகியதால் அரங்கு பூட்டிக் கிடந்தது.

நம் கிராமப்புறங்களில் பல தாலுகா மருத்துவமனைகளுக்கு நூறு வயதை ஒட்டிய ஒரு பகுதி உண்டு. சென்னை மாகாணத்தின் 1884-ஆம் ஆண்டு உள்ளாட்சிக் கழகச் சட்டத்தின் கீழ் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் தங்கள் வரி வருவாயைக் கொண்டு மருந்தகங்களையும் மருத்துவமனைகளையும் நடத்தின. பெரியவர்கள் இன்றைக்கும் அவற்றை ‘எல்.எஃப். ஆஸ்பத்திரி’ என்றோ ‘போர்டு ஆஸ்பத்திரி’ என்றோ சொல்வார்கள், எல்.எஃப். என்பது லோக்கல் ஃபண்ட். ஆகவே ஊர்ப் பணத்தில் மருத்துவமனை நடத்துவது நமக்குப் புதிய செய்தியல்ல. பிற்காலத்தில் ஒவ்வொரு திட்டமும் அந்த வளாகத்தில் தன் பங்குக்கு ஒரு கட்டடத்தைச் சேர்த்துவிட்டுப் போனது. குடும்பநலத்துக்கு ஒன்று, காசநோய்க்கு ஒன்று, பேறுகாலத்துக்கு ஒன்று என்று எழும்பிய அந்தக் கட்டடங்களுக்கு இடையே மழையில் நனையாமல் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிச் செல்ல ஒரு நடைகூடம் போடுவதற்கு எந்தத் திட்டத்திலும் இடமிருக்கவில்லை.

பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாமே என்று பலரும் கேட்பார்கள். எல்லா இடத்திலும் அது சரியான விடையல்ல. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டத்தில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்து, தட்டோடு பதித்து முடிக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூரை உள்ள வார்டுகளில் கூரை உயரமாகவும், சன்னல்கள் எதிரெதிராகவும் இருக்கும். வெப்பக் காற்று மேலே போய் வெளியேற வழி இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட இயற்கைக் காற்றோட்ட வழிகாட்டுதல், பொது வார்டில் ஒரு நோயாளிக்கு வினாடிக்கு 60 லிட்டர் காற்று வேண்டும் என்கிறது. காசநோய் போலக் காற்றில் பரவும் நோய்கள் உள்ள நாட்டில் இது சிறிய செய்தியல்ல. உத்தரங்களைச் சோதித்து, செல்லரித்தவற்றை மட்டும் மாற்றி, அந்த வார்டை வைத்துக்கொள்வதே பல இடங்களில் சிறந்த வழி. நான் அதிகம் அஞ்சியது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போட்ட கான்கிரீட் கூரைகளைக் கண்டுதான். ஒழுகும்போதெல்லாம் பழைய ஓட்டின் மேலேயே புதிய ஓட்டைப் பதித்துப் பாரத்தைக் கூட்டியிருப்போம். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரையை உடைத்துக்கொண்டு வெளியே தெரியும். அதன் கீழே நோயாளி படுத்திருப்பார். அத்தகைய கூரையைப் பூசி மறைப்பது பெரும் குற்றம் என்றே கருதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியும் கூரையாவது எப்படியோ மதிப்பீட்டுக்குள் வந்துவிடுகிறது. சுவருக்குள் இருப்பது வருவதில்லை. வட மாவட்டம் ஒன்றில் ஒரு தாலுகா மருத்துவமனைக்கு மதிப்பீடு தயாரிக்கப் போயிருந்தேன். வண்ணப்பூச்சு, சுற்றுச்சுவர், முகப்பு வளைவு ஆகியவற்றுக்குத் தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. அறுவை அரங்கின் வெளியே சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நாட்குறிப்பிலிருந்து கிழித்த தாள். ஓரங்கள் பழுப்பேறி, பிளாஸ்திரியால் நான்கு மூலையும் ஒட்டப்பட்டிருந்தது. ‘ஆட்டோகிளேவ் போடும்போது ஏ.சி.யை நிறுத்தவும். குழந்தை வார்மரில் இருந்தால் இரண்டையும் போட வேண்டாம்’ என்று நீல மையில் எழுதியிருந்தது. ஆட்டோகிளேவ் என்பது அறுவைக் கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் கருவி; வார்மர், பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் கருவி. நான் அதைப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த தலைமைச் செவிலியர் பக்கத்தில் வந்து நின்று, “பெயின்ட் அடிக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம் சார். இந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடுற மாதிரி ஏதாவது பண்ணிக் குடுங்க” என்றார்.

விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்று கம்பி இழுத்த கட்டடம் அது. பின்னாளில் ஆட்டோகிளேவ் வந்தது, வார்மர் வந்தது, இரத்த சேமிப்புக்குக் குளிர்பெட்டி வந்தது, ஏ.சி. வந்தது. ஒவ்வொன்றும் தேவையான கருவி. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆணையின் பேரில் வந்தது. அத்தனையும் சேர்ந்தால் மின்பளு எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பார்க்கும் பொறுப்பு மட்டும் எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. தனி மின்மாற்றி, புதிய பகிர்மானப் பெட்டிகள், முறையான நிலத்தொடர்பு, தானாக மாறிக்கொள்ளும் ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு நாங்கள் அனுப்பிய திருத்திய மதிப்பீடு நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப அனுமதி, கூடுதல் மின்பளுவுக்கான அனுமதி என்று ஒவ்வொரு படியாக ஏறி வேலையாக மாறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு ஆண்டும் பிரசவங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடப்பதாக 2019–21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாம் பெருமைப்பட வேண்டிய எண் இது. ஆனால் வீட்டில் பிரசவம் பார்த்துக்கொள்ளாமல் நம்மை நம்பி வந்துவிட்ட பெண்ணுக்கு, வார்மருக்கும் ஆட்டோகிளேவுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் ஒரு செவிலியரை நிறுத்தக் கூடாது.

ஆக்சிஜனும் இப்படித்தான். 2021-ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையில் நாம் கற்றது ஒரு சாதாரணக் கணக்கு. ‘டி’ வகைப் பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். உயர் ஓட்டக் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் செலவாகும் நோயாளிக்கு அது இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அன்றைக்குத் திரவ ஆக்சிஜன் தொட்டிகளும், காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரிக்கும் நிலையங்களும் பல மருத்துவமனைகளுக்கு வந்தன. அவை இன்றும் இயங்க வேண்டுமானால் குழாய்களின் இணைப்புகளைச் சோதிக்க ஆள் வேண்டும். அழுத்தமானியை அன்றாடம் பார்த்து எழுத ஒரு பதிவேடு வேண்டும். ஜெனரேட்டரைத் தாழ்ந்த இடத்தில் வைக்கக் கூடாது என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் சென்னைக்குக் கற்றுக்கொடுத்தது. ஏரிக்கரை ஓரத்தில் மருத்துவமனை வைத்திருக்கும் ஊர்களுக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு நாடு முழுவதும் உள்ளாட்சிகள் வழியாக மருத்துவத்துக்கென 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அது பெரும்பாலும் துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம் என்ற முதல் படிக்கானது. மேல் படியில் 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினொரு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கிண்டியில் 1,000 படுக்கைகளோடு இருநூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் எழுந்த பன்னோக்கு மருத்துவமனை 2023 ஜூனில் திறக்கப்பட்டது. அந்த வேகத்தில் கட்ட நமக்குத் தெரியும் என்பதில் ஒரு பொறியாளனாக எனக்கு மகிழ்ச்சி உண்டு. இந்த இரண்டு படிகளுக்கும் நடுவில் நிற்பது தாலுகா மருத்துவமனை. அதற்கு 1995–96 முதல் நபார்டு வங்கி நடத்திவரும் ஊரகக் கட்டமைப்பு நிதிக் கடன், மாநில வரவுசெலவுத் திட்டம், தொகுதி மேம்பாட்டு நிதி என்று பல வாய்க்கால்களிலிருந்து சிறிது சிறிதாகத் தண்ணீர் வருகிறது. துண்டு துண்டாக வரும் பணம் துண்டு துண்டான வேலையாகத்தான் முடியும். ஆகவே எந்த நிதி வருவதற்கும் முன்னால், அந்த வளாகம் முழுமைக்கும் அடுத்த இருபது ஆண்டுகளுக்கான ஒரு முழுத் திட்ட வரைபடம் இருக்க வேண்டும் என்பதே என் முதன்மையான கோரிக்கை. எந்த நிதி வந்தாலும் அந்த வரைபடத்தில் அடுத்து உள்ள வேலைக்கே அது போக வேண்டும். முகப்பு வளைவு அதில் கடைசியில் இருக்கட்டும்.

வெற்று நிலத்தில் கட்டுவது வேறு. நோயாளிகள் படுத்திருக்கும் இடத்தில் கட்டுவது வேறு. ஒரு நாள்கூட மூட முடியாத பிரசவ வார்டை எங்கே மாற்றுவது என்பதற்கு விடை தெரியாமல் ஒப்பந்தப்புள்ளி கோரக் கூடாது. நாங்கள் ஒரு முறை முதலில் பணியாளர் குடியிருப்பைக் கட்டி முடித்து, அதிலேயே எட்டு மாதம் வெளிநோயாளர் பிரிவை நடத்தி, காலியான இடத்தில் அறுவை அரங்கை எழுப்பினோம். வேலை முடிந்ததும் மருத்துவர்களும் செவிலியர்களும் அந்தக் குடியிருப்புக்குக் குடிவந்தார்கள். இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து நிபுணர் வளாகத்துக்குள்ளேயே இருப்பது எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல.

இனி, பராமரிப்பு. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்து கொள்முதலில் செய்த ஒரு காரியத்தை நான் என்றும் மதிக்கிறேன். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அந்த ஆண்டில் அதன் பெயரில் எவ்வளவு தொகை இருக்கிறது, எந்த மருந்து எவ்வளவு எடுத்திருக்கிறது, மீதி எவ்வளவு என்பதை அந்தப் புத்தகத்திலேயே தெரியவைத்தது. கட்டடத்துக்கும் கருவிக்கும் அப்படியொரு பாஸ்புக் ஏன் இருக்கக் கூடாது? கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் கோப்பு சென்னைக்கு வந்து திரும்பும் வரை காத்திராமல், தலைமை மருத்துவரே அந்தக் கணக்கில் எழுதி அன்றைக்கே ஆளை அழைக்க முடியும். புதிய கட்டடத்துக்கு ஆணை பிறக்கும் அதே நாளில் அதன் பராமரிப்புத் தொகையும் அந்தப் பாஸ்புக்கில் ஏற வேண்டும். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென்று 1998-இல் நாம் இயற்றிய சட்டம் பெரிய வேலைகளுக்கு மிகவும் தேவையானது. அதற்குக் குறைவு வராமலேயே, வரையறுத்த சிறு தொகைக்குள் கணக்கோடு செலவிட இடம் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. பல மருத்துவமனைகளில் குழாய் எங்கே போகிறது, எந்த வால்வை மூடினால் எந்த வார்டுக்குத் தண்ணீர் நிற்கும் என்பது அங்கே நெடுநாள் வேலை செய்த ஒரு பிளம்பருக்கு மட்டுமே தெரியும். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, ஒரு கசிவைக் கண்டுபிடிக்க மூன்று இடத்தில் தரையைப் பெயர்த்த அனுபவம் எனக்கு உண்டு. கட்டி முடித்த நிலையில் உள்ளபடியே வரைந்த மின்சார, தண்ணீர், கழிவுநீர், ஆக்சிஜன் வரைபடங்களை வாங்கிக்கொள்ளாமல் ஒப்பந்ததாரரின் இறுதிப் பில்லைத் தீர்க்கக் கூடாது. அவற்றின் ஒரு படி எங்கள் அலுவலகத்திலும், இன்னொரு படி கண்ணாடிச் சட்டமிட்டு மருத்துவமனையின் பணியறைச் சுவரிலும் இருக்க வேண்டும். இரவுப் பணிக்கு வரும் செவிலியர் டார்ச் அடித்துப் பார்த்தாலும் வால்வின் எண் தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில், தமிழில்.

வணக்கம்.